இடாப்பில் ஒரு பெயர்: கொழும்பு வடக்கும் வாக்குரிமையின் முதல் முறிவும் (1931–1953)

இலங்கையின் சனநாயகம் எப்போது, எங்கே முறிந்தது என்ற கேள்விக்கு ஏ. ஜெயரட்ணம் வில்சன் அளித்த விடையே தமிழ் ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. 1988இல் வெளிவந்த 'தி பிரேக்-அப் ஆஃப் ஸ்ரீலங்கா' என்ற நூலிலும் அதன் பின்வந்த நூல்களிலும் அவர் வரையும் கோடு தெளிவானது. டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிப் பிரதேசவாரித் தொகுதிகளை ஏற்படுத்தியதும் எண்ணிக்கையில் பெரும்பான்மையானோரின் கை ஓங்கியது. சோல்பரி அரசியலமைப்பின் காப்பீடுகள் அதைத் தடுக்கப் போதவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1956இன் மொழிச் சட்டம், கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்கள் என்று முறிவு தொடர்ந்தது. இந்த வரலாற்றை நகர்த்துவோர் தலைவர்கள். அது நிகழும் களம் சட்டமன்றம். தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தின் மருமகனாகவும் பின்னர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் ஆலோசகராகவும் இருந்த வில்சன் அக்களத்தை மிக அருகிலிருந்து பார்த்தவர். அவர் கண்டதை நான் மறுக்கவில்லை. முறிவின் இடத்தையும் காலத்தையும் பற்றியே எனக்கு மாறுபாடு உண்டு. அந்த முறிவு சட்டமன்றத்துக்கு வருமுன்பே வாக்காளர் இடாப்பு தயாரான மேசையில் தொடங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரதேசவாரித் தொகுதியே சிறுபான்மையினரைத் தோற்கடித்தது என்ற கருத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மட்டக்குளியும் முகத்துவாரமும் அடங்கிய கொழும்பு நகரின் வடகோடி, டொனமூர் முறையில் கொழும்பு வடக்குத் தொகுதியாயிற்று. துறைமுகத் தொழிலாளர், கத்தோலிக்க மீனவர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர், யாழ்ப்பாணத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தமிழர், மலையாளிகள் என்று பலரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. 1931இல் இத்தொகுதி டாக்டர் இரட்ணசோதி சரவணமுத்துவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. தேர்தல் மனுவொன்றால் அவர் ஆசனத்தை இழந்தார். 1932இன் இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து வென்று, அச்சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் உறுப்பினரானார். 1936இல் தொகுதி அவரையே மீண்டும் தெரிவுசெய்தது.

1936 என்ற ஆண்டை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். அமைச்சர் குழு முழுவதும் சிங்களவரைக் கொண்டு அமைந்த ஆண்டு அது. இனவாத எண்கணக்கு உச்சம் தொட்டதற்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படும் ஆண்டு. அதே தேர்தலில், தமிழர் பெரும்பான்மையாக இல்லாத ஒரு நகரத் தொகுதி தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருவரைத் தெரிவுசெய்தது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1934 வரை அவை நிரம்பவில்லை. அந்த வேளையில் கொழும்பு வடக்கிலிருந்து ஒரு தமிழ்க் குரல் சபையில் ஒலித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும் வரலாற்றில் இது விதிவிலக்காகவே தெரியும். மட்டக்குளியிலிருந்து பார்க்கும் எனக்கு, பிரதேசவாரி வாக்கு ஆரம்பத்திலேயே இனவாரி வாக்காகிவிடவில்லை என்பதற்கான சான்றாகத் தெரிகிறது.

இதற்கு மறுப்பும் சொல்லலாம். மருத்துவரின் செல்வாக்கு, நகர மேட்டுக்குடியின் தொடர்புகள், எதிர்நின்றோரின் பலவீனம் ஆகியவை வெற்றிக்குக் காரணமாயிருக்கலாம். 1937இல் அதே டாக்டர் கொழும்பின் முதலாவது மேயரானதும் அச்செல்வாக்கையே காட்டுகிறது. இம்மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் ஒருவரின் சொந்தச் செல்வாக்கு இனவரம்பைக் கடந்து வாக்காக மாற முடிந்தது என்பதே இங்கு முக்கியம். 'சிங்களம் மட்டும்' என்ற அலை நாட்டை அடித்துச் சென்ற 1956இலும் இதே தொகுதி, இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரிய லங்கா சமசமாஜக் கட்சியின் விவியன் குணவர்த்தனாவைத் தெரிவுசெய்தது. அவ்வெற்றிக்கு, அக்கட்சிக்கும் அந்த அலையை முன்னின்று நடத்திய பண்டாரநாயக்கா அணிக்குமிடையே இருந்த போட்டித் தவிர்ப்பு உடன்பாடு உதவியிருக்கும். எனவே அதை மொழிக்கொள்கைக்கான ஆணையாக நான் முன்வைக்கவில்லை.

தொகுதி முறையால் முறிவு வரவில்லையென்றால், அது எதனால் வந்தது? 1931இன் அரசாங்க சபைத் தேர்தல் ஆணையில் 7, 8, 9 ஆகிய மூன்று உறுப்புரைகளை நெருங்கி வாசிக்க வேண்டும். சர்வசன வாக்குரிமையின் தொடக்கமென்று நாம் கொண்டாடும் ஆவணத்தில், வாக்காளராவதற்கு மூன்று வாசல்கள் வைக்கப்பட்டன. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் 7ஆம் உறுப்புரையின் கீழ் வரலாம். எழுத்தறிவும் குறித்த அளவு வருமானமோ சொத்தோ உள்ளவர் 8இன் கீழ் வரலாம். நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் பெற்றவர் 9இன் கீழ் வரலாம். சான்றிதழ் பெறுவோர் மற்றக் குடிகளுக்கில்லாத தனிப் பாதுகாப்புகளைக் கைவிட வேண்டியிருந்தது. இந்தியத் தொழிலாளரைக் காத்த சட்டங்களே அப்பாதுகாப்புகள் என்பதால், அவ்வாசலை நாடியோர் சிலரே. 1929இல் சட்டசபை 19க்கு 17 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் டொனமூர்த் திட்டத்தை ஏற்றபோது, இந்தியத் தமிழரின் வாக்கு குறித்த அச்சத்தைத் தணிக்கச் செய்யப்பட்ட சமரசத்தின் விளைவே இம்மூன்று வாசல்களும்.

ஆபத்து 7ஆம் உறுப்புரையிலேயே இருந்தது. பிறப்பால் இலங்கையரல்லாதவர் ஐந்தாண்டு வசித்திருந்தாலன்றி இந்நாட்டைத் தம் வதிவிடமாகத் தேர்ந்தவராகக் கொள்ளப்படமாட்டார் என்பது நிபந்தனை. ஐந்தாண்டு வசித்தால் போதும் என்று அதை வாசிக்கலாம். ஐந்தாண்டு குறைந்தபட்சக் காலம் மட்டுமே. அதற்கு மேல் இங்கேயே தங்கும் எண்ணம் உண்டென்று நிறுவ வேண்டும் என்றும் வாசிக்கலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் எண்ணத்தை எந்த ஆவணம் நிறுவும்? அவர் ஊருக்குப் பணம் அனுப்புவதும், திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ போய்வருவதும் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். எந்த வாசிப்பைக் கொள்வதென்பது பதிவு அதிகாரியின் கையில் விடப்பட்டது.

தொடக்கத்தில் முதல் வாசிப்பே நடைமுறையிலிருந்தது. தீவு முழுவதிலும் பதிவான இந்திய வாக்காளர் 1931இல் சுமார் 100,000. 1936இல் சுமார் 145,000. 1939இல் சுமார் 225,000. 1943இல் அத்தொகை சுமார் 168,000 ஆகக் குறைந்தது. இடையில் வாக்குரிமைச் சட்டம் மாறவில்லை. வதிவிடத்தைக் கடுமையாக ஆராயும்படி அதிகாரிகளுக்கு வந்த அறிவுறுத்தலும், அவர்கள் இரண்டாவது வாசிப்புக்கு மாறியதுமே இந்தச் சரிவுக்கு முதன்மைக் காரணம் என்பது என் முடிபு. இந்நான்காண்டில் அம்மாற்றம் எப்போது முழுமையடைந்தது என்பதை இத்தொகைகளிலிருந்து மட்டும் துணிய முடியாது. அக்காலத்தில் தாயகம் திரும்பியவர்களும் தொகையை ஓரளவு குறைத்திருப்பார்கள். 1939 ஓகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. அத்தடை புது வரவை நிறுத்தும், ஏற்கனவே பதிவானவரை அழிக்காது. சுமார் 57,000 பெயர்கள் மறைந்ததற்குத் திரும்பிச் சென்றோரை மட்டும் கணக்குக் காட்டுவது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

கொழும்பு வடக்கில் இதன் சுவடு எப்படியிருந்திருக்கும்? 1939இல் அரசாங்கத் திணைக்களங்கள், ஐந்தாண்டுக்குக் குறைந்த சேவையுடைய இலங்கையரல்லாத நாட்கூலித் தொழிலாளரை நீக்க முற்பட்டன. வேலையை இழந்தவன் வதிவிடத்தை நிறுவுவதெப்படி? பதிவு மேசையும் சம்பள மேசையும் ஒரே ஐந்தாண்டு அளவுகோலைக் கையாண்டது தற்செயல் எனக் கொள்ள எனக்கு மனம் இடம்தரவில்லை. நேரு அவ்வாண்டு யூலையில் கொழும்பு வந்ததும் இலங்கை இந்திய காங்கிரஸ் உருவானதும் இந்நெருக்கடியில்தான். அயல் தொகுதியான கொழும்பு மத்தியின் உறுப்பினர் ஏ. ஈ. குணசிங்காவின் பாதையும் இதைத் தெளிவாக்குகிறது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் சர்வசன வாக்குரிமைக்காக வாதாடியவர் அவர். 1927இன் துறைமுக வேலைநிறுத்தத்தில் பல இனத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியவரும் அவரே. உலகப் பொருளாதார மந்தம் வேலைகளை விழுங்கிய 1930களில் அவர் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தைத் தலைமைதாங்கி நடத்தினார். தலைவர்களின் துரோகமென்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. பெயர் இடாப்பில் இல்லாதவனைக் கைவிடுவதால் வாக்குத் தேடும் அரசியல்வாதிக்கு எந்த இழப்பும் இல்லை.

அயல்நாட்டை நோக்கினால் இதன் கனம் விளங்கும். 1948இல் இந்தியா தன் முதலாவது பொது வாக்காளர் பட்டியலைத் தயாரித்தபோது, பிரிவினையால் இடம்பெயர்ந்த அகதிகளுக்கு வதிவிடச் சான்று காட்ட வழியில்லை. இவ்வூரில் நிலையாகத் தங்கப்போகிறேன் என்று அவர்கள் தரும் உறுதிமொழியே போதும், பதிவுசெய்யுங்கள் என்று அரசியல் நிர்ணயசபைச் செயலகம் பணித்தது. இதை வரலாற்றாய்வாளர் ஒர்னிட் சானி தம் நூலில் விரிவாகக் காட்டுகிறார். அதே எண்ணம், அதே ஆண்டு. அங்கே அகதியின் சொல் ஏற்கப்பட்டது. இங்கே அவ்வாண்டில் வந்தது பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், பிரஜைகளுக்கே வாக்கு என்ற தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. வதிவோர் சட்டத்தின் கீழ், மணமானவர் 1946க்கு முன் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் வசித்ததை நிறுவ வேண்டியிருந்தது. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1931இன் ஐந்து ஆண்டுகள் ஏழாகவும் பத்தாகவும் நீண்டன. நிறுவும் சுமை அதே தோளிலேயே கிடந்தது.

இத்தொடர்ச்சிக்கு வலுவான சான்று கோடாக்கன் பிள்ளை வழக்கு. கேகாலை மாவட்டத்தில் தம் பெயரை இடாப்பில் சேர்க்கக் கோரினார் அவர். உதவிப் பதிவு அதிகாரி மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த திருத்த அதிகாரி, பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும், சிறுபான்மையினருக்குக் காப்பீடாக அமைந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவை மீறுவதாகக் கூறி அவர் பக்கம் நின்றார். உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1953இல் கோமறைக் கழகமும் (பிரிவி கவுன்சில்) அதையே உறுதிப்படுத்தியது. தன் குடிகள் யாரென்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பது அக்கழகத்தின் நிலை. காப்பீடு தோற்ற தருணமாக இவ்வழக்கை வாசிப்பது வழக்கம். வழக்கு எங்கே பிறந்ததென்று பார்த்தால், 1939க்கும் 1943க்கும் இடையே ஓசையின்றி நடந்தது இப்போது சட்டத்தின் பெயரால் அதே மேசையில் நடப்பது தெரியும்.

இவ்வளவும் சொன்ன பின்னும் வில்சனுக்குரிய இடத்தை விட்டுக்கொடுக்கவே வேண்டும். 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. பதிவு மேசையின் கெடுபிடிக்குத் தப்பி அத்தனை வாக்காளர் எஞ்சியிருந்தனர். அவர்களை ஒரே வீச்சில் நீக்கச் சட்டமன்றமும் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கமும் தேவைப்பட்டன. அதற்கு வில்சனின் விளக்கமே போதும். 1939இல் 225,000 ஆயிருந்த தொகை 168,000 ஆனதற்குத்தான் அவ்விளக்கம் போதாது. அதற்கு விடை தேடுவோர் சபை உரைகளை வைத்துவிட்டு, தொகுதி தொகுதியாக அக்கால இடாப்புகளையும் பதிவு அதிகாரிகளுக்குச் சென்ற சுற்றறிக்கைகளையும் புரட்ட வேண்டும். கொழும்பு வடக்கின் இடாப்புகளிலிருந்தே அவர்கள் தொடங்கலாம்.