வலது கைக்கு 70 வீதம்: வெள்ளவத்தை மில்லில் இருந்து செட்டியார் தெரு வரை

வெள்ளவத்தை என்றதும் எங்கட தலைமுறைக்கு ஞாபகம் வாறது புடைவைக் கடைகள், கொத்து, பிளட்ஸ், கடற்கரை. ஹவ்லொக் வீதிப் பக்கம் திரும்பினால் ஹவ்லொக் சிற்றியின் உயரமான கட்டடங்கள் தெரியும். அந்தக் காணியில்தான் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு மில் இருந்தது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கின மில் அது. தேயிலையும் றப்பரும் தேங்காயுமாக இருந்த ஒரு நாட்டில், நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே கூரைக்குக் கீழே மெஷினுக்கு முன்னால் நின்று வேலை செய்த மிகச் சில இடங்களில் ஒன்று.

இந்த மில் இலங்கை வரலாற்றுப் புத்தகங்களில் வாறது ஒரு காரணத்துக்காகத்தான்: 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தம். உலகப் பொருளாதார நெருக்கடியைக் காட்டிச் சம்பளத்தை வெட்டினார்கள், தொழிலாளர் வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி மலையாளிகளும் தமிழர்களுமாக இருந்த இந்தியத் தொழிலாளர். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் பெரிய தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க இந்த முறை அவர்களோடு நிற்கவில்லை. இளைஞர் கழகங்களில் இருந்து வந்த கொல்வின் ஆர். டி சில்வா போன்றவர்கள் வெள்ளவத்தை மில் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு இந்த வேலைநிறுத்தம் ஒரு முன்கதை. கட்சி வரலாறாக இதைப் பலர் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு வேறொரு கேள்வி. அந்த மில்லுக்குள்ளே மூச்சு விடுறது எப்படி இருந்திருக்கும்?

பஞ்சு மில் எங்கே இருந்தாலும் அதன் காற்றில் தூசு இருக்கும். வருடக்கணக்கில் அதைச் சுவாசிப்பவருக்கு வாற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அதுக்கு ஒரு விசித்திரமான குணம்: ஞாயிறு லீவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும்தான் நெஞ்சு இறுக்கம் கூட இருக்கும். அதனால் தொழிலாளர் மத்தியில் அதை 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே சொல்லிவந்தார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் இந்த நோயை வைத்தியர்கள் 1830களிலேயே கவனித்து எழுதினார்கள். நட்டஈடு கொடுக்க வேண்டிய நோயாக அங்கே சட்டம் அதை ஏற்றது 1940களில். நூறு வருடத்துக்கும் மேல்! ஆட்சி செய்தவர்களின் சொந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், வெள்ளவத்தையில் தூசைப் பற்றி ஆர் கவலைப்பட்டிருப்பார்கள்?

1933இல் சண்டை சம்பளத்துக்காக நடந்தது, தூசுக்காக இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சம்பளம் வெட்டுப்பட்டால் அந்தக் கிழமையே பசி தெரியும். நுரையீரல் வெட்டுப்படுவது இருபது வருடம் கழித்துத்தான் தெரியும், அதுவும் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு. தொழில்சார் நோய்களின் வரலாறு எழுதுறது கஷ்டமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். செத்தவர் மில்லின் கணக்கில் சாவதில்லை.

வேலைநிறுத்தத்துக்கு அடுத்த வருடம், 1934இல், வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது (1934இன் 19ஆம் இலக்கம்). அப்போது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் மலையகத்தைச் சேர்ந்த பெரி. சுந்தரம், அந்தப் பதவியின் முதல் ஆள். இந்தச் சட்டத்துக்கு முன்மாதிரி இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒரு பட்டியல் இருந்தது. ஒரு உறுப்புப் போனால் ஒருவரின் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போகுது என்ற கணக்கு. முழங்கைக்கு மேலே வலது கை போனால் 70 வீதம். அதே இடத்தில் இடது கை என்றால் 60. ஒரு கண் 30. கட்டைவிரல் 25. சுட்டுவிரல் 10, மற்ற விரல்கள் தலா 5. கிட்டத்தட்ட இறைச்சிக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்குது என்று எங்கட குழுவில் ஒருவர் சொன்னார். கொடூரமாகத் தெரிந்தாலும், அதுக்கு முன்னம் ஒரு கைக்கு விலையே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. முதலாளியின் கவனக்குறைவைக் கோர்ட்டில் நிரூபித்தால்தான் காசு என்ற நிலையில் இருந்து, வேலையில் காயம்பட்டால் காசு என்ற நிலைக்கு வந்தது பெரிய பாய்ச்சல். ஆனால் இந்தச் சட்டம் கை போன பிறகுதான் வாய் திறக்கும்.

கை போகாமல் பார்க்கிற சட்டம் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், 1942இன் 45ஆம் இலக்கம். இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 1942இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 1இல். இடையில் உலக யுத்தமும் முடிந்து, சுதந்திரமும் கிடைத்துவிட்டது. மெஷினின் சுழலும் பகுதிகளுக்கு வேலி போடு, காற்றோட்டம் வை, வெளிச்சம் வை, தீப்பிடித்தால் ஓட வழி வை என்று சொல்கிற சட்டம் அது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ அறிவிக்க வேண்டும் என்றும் சொல்லுது. திருத்தங்கள் பல வந்திருக்கு. அடிப்படை இன்றைக்கும் அதேதான்.

இந்தச் சட்டத்தின் மனநிலையைக் கவனியுங்கோ. இன்ஸ்பெக்டர் வருவார், வேலி இருக்குதா என்று பார்ப்பார், இல்லாவிட்டால் வழக்கு. மெஷினைப் பற்றி மெஷினுக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிற பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கும் பிரிவும் இல்லை. 1933இல் சங்கம் கட்டிய ஆட்கள் இந்தச் சட்டத்தில் காப்பாற்றப்பட வேண்டிய உடம்புகளாக மட்டும்தான் வருகினம்.

இந்த மனநிலை மாறத் தொடங்கியது இங்கிலாந்தில், 1972ஆம் ஆண்டு ரோபன்ஸ் அறிக்கையோடு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு விதி எழுதிக்கொண்டே போனால் முடிவே இல்லை, ஆபத்தை உருவாக்குபவர்களும் அதோடு வேலை செய்பவர்களும் சேர்ந்துதான் அதைக் கையாள வேண்டும் என்பது அதன் சாரம். 1974இல் அது சட்டமானது. (ஒரு விஷயம்: அந்த ரோபன்ஸ் பிரபுதான் 1966இல் வேல்ஸில் அபர்ஃபான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 பிள்ளைகள் இறந்தபோது தேசிய நிலக்கரிச் சபையின் தலைவர். வரலாறு சில நேரம் இப்படித்தான் ஆட்களைத் தெரிவு செய்யுது.) அங்கிருந்து வந்த பாதைதான் இன்றைக்குக் கொம்பனிகள் சொல்கிற 'பாதுகாப்பு முகாமைத்துவ சிஸ்டம்': 1999இல் ஓஎச்எஸ்ஏஎஸ் 18001, 2018 மார்ச்சில் ஐஎஸ்ஓ 45001.

பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் சிம்பிள். என்னென்ன ஆபத்து இருக்குது என்று முதலில் தேடு. எது பெரிசு என்று கணக்குப் போடு. குறைக்க வழி செய். வேலை செய்யுதா என்று பார், இல்லாவிட்டால் மாற்று, திரும்பவும் தேடு. குறைக்கிற வழியிலும் ஒரு வரிசை இருக்குது. ஆபத்தை முழுசாக அகற்ற முடியுமா? முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அந்த இடத்தில் வைக்கலாமா? அதுவும் இல்லையென்றால் ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையில் தடுப்பு. பிறகு வேலை முறையை மாற்றுவது. கடைசியாகத்தான் மாஸ்க்கும் கிளவுஸும் ஹெல்மெட்டும். எங்கட ஊரில் இந்த வரிசை தலைகீழ். ஹெல்மெட்டில் தொடங்கி ஹெல்மெட்டிலேயே முடிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் இருந்து கொஞ்சத் தூரத்தில் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்குப் பின்னாலும் மேலேயும் இருக்கிற பட்டறைகளை எடுத்துக்கொள்ளுவோம். 'கேடிஎம் நகை' என்ற சொல்லை உங்கட அம்மாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தங்கத்தை ஒட்டுகிற பொடியில் கட்மியம் சேர்ப்பதால் வந்த பெயர் அது. கட்மியம் சேர்த்தால் ஒட்டும் சுலபம், தங்கத்தின் தரமும் குறையாது. வாங்குகிறவருக்கு நல்லது. ஆனால் ஊதுகுழலின் சூட்டில் கட்மியம் புகையாகும். அந்தப் புகை போவது பட்டறையில் குனிந்து இருக்கிறவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். இதுக்குச் சரியான தீர்வு மாஸ்க் இல்லை, கட்மியத்தையே விட்டுவிட்டு வேறு உலோகம் பாவிப்பது. வரிசையின் முதல் இரண்டு படிகள் என்று சொன்னது இதைத்தான். நகை வாங்கப் போகும்போது 22 கரட்டா என்று எத்தனை தரம் கேட்கிறோம்! எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்று ஆரும் கேட்பதில்லை.

எங்களுக்கு உறுத்துவது இதுதான். இந்த சிஸ்டம் எல்லாம் இலங்கையில் இருக்குது, நல்லாகவே இருக்குது, ஏற்றுமதி செய்கிற பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில். 2013இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு வெளிநாட்டு வாங்குநர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள், அதனால் இருக்குது. காலி வீதிக் கடைக்கு எந்த வாங்குநர் சான்றிதழ் கேட்கப் போறார்? நாங்கள்தான் அங்கே வாங்குநர், நாங்கள் கேட்பது டிஸ்கவுண்ட்.

2017 மே 18இல் வெள்ளவத்தை சவோய் தியேட்டருக்குப் பின்பக்கம் ஒரு பலமாடிக் கட்டடத்தின் பகுதி இடிந்து விழுந்தது. இடிபாட்டுக்குள் அகப்பட்டவர்களில் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் ஹொரணையில் ஒரு றப்பர் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டியில் ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் சேர்த்து 5 பேர் இறந்தார்கள். மூடிய குழிக்குள் ஒருவர் விழுந்தால் பின்னால் குதிப்பவரும் சாவார் என்பது இந்தத் துறையில் அரிச்சுவடிப் பாடம். அதனால்தான் எவர் இறங்கலாம், எவர் மேலே கயிற்றோடு நிற்க வேண்டும், காற்றை எதால் அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுது சிஸ்டம். அந்த எழுத்து இல்லாத இடத்தில் மனிதரின் நல்ல குணமே அவரைக் கொல்லுது.

ஐஎஸ்ஓ 45001இல் 5.4 என்று ஒரு பிரிவு இருக்குது: தொழிலாளரைக் கலந்தாலோசித்தல், பங்கெடுக்க விடுதல். முழு ஆவணத்திலும் முக்கியமான இடம் இதுதான் என்பது எங்கட கருத்து. ஏனென்றால் ஆபத்துப் பட்டியலை ஒஃபிஸில் இருந்து எழுதினால் அதில் ஒஃபிஸுக்குத் தெரிந்த ஆபத்துதான் வரும். எந்தப் படி வழுக்கும், எந்த வயர் ஷொக் அடிக்கும், எந்த லிஃப்ட் நடுவில் நிற்கும் என்பது அங்கே நிற்கிற பிள்ளைக்குத் தெரியும். ஆனால் வாய் திறந்தால் நாளைக்கு வேலை இருக்காது என்றால் அந்தப் பிள்ளை எதைச் சொல்லும்? 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் கிட்டத்தட்ட 40,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சங்கம் இல்லாத இடத்தில் 5.4 வெறும் கையெழுத்துத்தான்.

எங்கட நண்பர்கள் சிலர் கம்பஸ் இல்லாத நாளில் காலி வீதிக் கடைகளில் பார்ட்-டைம் செய்யினம். காலை பத்தில் இருந்து இரவு எட்டு வரை நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் இருக்க விடமாட்டினம். 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது சென்னை தி. நகர் புடைவைக் கடைகளின் இந்த நிலையை எல்லாரும் பார்த்து அழுதார்கள். 2018இல் கேரளா, 2021இல் தமிழ்நாடு, கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. கேரளாவில் அதுக்காக வருடக்கணக்கில் போராடியது கோழிக்கோட்டுப் புடைவைக் கடைகளில் வேலை செய்த பெண்கள். வெள்ளவத்தை மில்லில் 1933இல் வெளியே வந்தவர்களில் பலர் மலையாளிகள் என்று மேலே எழுதினோம். காலி வீதியில் கதிரைக்காக இன்னும் ஒருவரும் வெளியே வரவில்லை.