மலபார் வீதி

எசல மாதம் பிறந்ததும் கண்டி மாநகர் விழாக்கோலம் கொள்கிறது. தீப்பந்தங்களின் ஒளியில், முரசங்கள் முழங்க, தலதா மாளிகையின் ஊர்வலம் முன்னே செல்லும். நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நால்வரின் தேவாலய ஊர்வலங்களும் அதனைத் தொடரும். கதிர்காமத் தேவாலயத்து வரிசையிலே காவடி ஆடுவர். பத்தினித் தேவாலயத்து வரிசையிலே பெண்கள் நடப்பர். அந்தப் பத்தினி வேறு யாருமல்லள். மதுரையை எரித்த கண்ணகியே.

இத்தகைய விழாவைக் கொண்டாடும் நகரிலே, மன்னர் காலத்தில் ‘குமாருப்பே வீதி’ என்றும், ஆங்கிலேயரால் ‘மலபார் வீதி’ என்றும் அழைக்கப்பட்ட ஒரு வீதி இருந்தது. தமிழரையும் தென்னிந்தியரையும் ‘மலபாரிகள்’ என்பது அன்றைய ஐரோப்பியர் வழக்கு. அவ்வீதியில் வாழ்ந்தோர் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினரான அரச உறவினர்.

1739இல் நரேந்திரசிங்க மன்னன் அரசுரிமைக்குரிய மகவின்றி இறந்தபோது, பட்டத்தரசியின் தம்பி அரியணை ஏறினான். அன்றிலிருந்து 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் நாயக்கர் வழியினரே. அவர்களுள் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த பௌத்த உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினான். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ் வருணித்த பெரஹரா தெய்வங்களின் விழாவாகவே இருந்தது. தந்ததாது அதில் முதலிடம் பெற்றது இம்மன்னன் காலத்திலேயே. இன்று பௌத்தப் பண்பாட்டின் முடிமணியெனப் போற்றப்படும் விழாவின் உருவத்தில் மலபார் வீதியாரின் உறவினனுக்கும் பங்குண்டு.

எனினும், அவ்வீதியை நாம் பொற்கனவாக்க வேண்டியதில்லை. அது உழைப்போர் வீதியன்று; பிரபுக்களின் வீதி. கண்டி வாவியை 1807 முதல் 1812 வரை தோண்டியவர்கள் இராசகாரியம் என்னும் ஊதியமற்ற ஊழியத்தில் பிணைக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். மன்னன் அவர்களுக்கு அந்நியனாய்த் தோன்றியிருந்தால், அது மொழியால் மட்டுமன்று.

1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. மன்னனின் உறவினரான ஆண்கள் அனைவரும் அரசின் பகைவர் என்றும், அப்போது வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்பலாகாது என்றும் அது விதித்தது. பிரதானிகள் ஒப்பமிட்டனர். வேலூருக்கு நாடு கடத்தப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே மாண்டான்.

ஆனால் மக்களின் தீர்ப்பு அதுவா? இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவா வெல்லச எழுந்தது. கிளர்ச்சியாளர் யாரை அரசனாக ஏற்றனர்? வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு ஒருவரை. அவரும் நாடு கடத்தப்பட்ட மன்னனின் உறவினன் ‘துரைசாமி’ என்று தம்மைக் கூறிக்கொண்டவர்! ஆட்சியாளர் விரட்டிய உறவின் பெயரே அந்நிய ஆட்சிக்கெதிரான கொடியாயிற்று. 

வரலாற்றின் கொடிய நகைப்பு இதற்குப் பின்னரே தொடங்குகிறது. மலபாரியை விரட்டிய அதே ஆட்சி, சில பத்தாண்டுகளுக்குள் அவனைத் தேடி அழைத்தது. கண்டியை அடுத்த கன்னொறுவையில் ஆளுநர் பார்ன்ஸே கோப்பித் தோட்டம் அமைத்தார். தமிழகத்து ஏழை உழவர் மன்னார்க் காடுகளின் வழியே மாத்தளைக்குக் கால்நடையாய் வந்தனர். வழியிலே பசிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தோன்றியது. அவ்வாண்டே கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது. அரச உறவினனுக்கு மூடப்பட்ட கதவு கூலிக்குத் திறந்தது!

சுதந்திரத்தின் பின்னும் இக்கணக்கு மாறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் 9,75,000 மனிதரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டனர். எஞ்சியோரைப் பற்றிய முடிவு பின்போடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

‘அந்நியன்’ என்பது பிறப்பின் பெயரன்று. அவ்வப்போது அதிகாரம் தன் தேவைக்கேற்ப ஒட்டும் சீட்டு. மாணவரோடு பெரஹரா காணச் செல்லும் ஆசிரியர்கள், யானைகளின் அணிகலன்களை மட்டும் காட்டித் திரும்ப வேண்டாம். காவடியையும், பத்தினியையும், மலபார் வீதியையும் சேர்த்தே காட்டட்டும்.