சேதராப்பட்டுச் சங்கும் சீமைக் கடிதங்களும்

புதுச்சேரிக்கு வடமேற்கே, வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு, கரசூர் ஆகிய ஊர்களையும், அவற்றை அடுத்த வழுதாவூரையும் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு புதுமை உண்டு. அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அப்பாறைகளில் சங்கும் சிப்பியும் நத்தையும் கல்லாகச் சமைந்து கிடக்கின்றன. கடலோ பல கல் தொலைவில் இருக்கிறது. வயல் நடுவே கடல்வாழ் உயிர்களின் உருவம் எப்படி வந்தது? அவை எக்காலத்தவை? இவ்வினாவுக்கு விடை காணச் சென்னைக்கும் லண்டனுக்கும், பாரிஸுக்கும் வியன்னாவுக்கும் இடையே விக்டோரியா அரசியின் காலத்தில் அறிவுப் போக்குவரத்து ஒன்று நிகழ்ந்தது. அதைப் பற்றியே நான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1840-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை அரசாங்கத்தின் சிவில் உத்தியோகத்தில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் இருந்தனர். புவியியல் அவர்களுடைய தொழிலன்று. ஓய்வு நேரத்து ஈடுபாடே. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் அவர்கள் திரட்டிய கல்லுருவங்கள் லண்டன் புவியியல் கழகத்தை அடைந்தன. அக்காலத்தில் சூயஸ் கால்வாய் இல்லை. அது திறக்கப்பட்டது 1869-இல்தான். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பல் இங்கிலாந்தை அடைய நான்கைந்து திங்களாகும். ஓர் ஐயத்தைக் கேட்டு எழுதினால், மறுமொழி வருவதற்குள் ஓராண்டு கழிந்துவிடுவதும் உண்டு.

லண்டனில் அவற்றை ஆராய்ந்தவர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் இளம் பேரறிஞர். மீன்களின் எச்சங்களை மட்டும் சர் பிலிப் எகர்ட்டன் ஆராய்ந்தார். ஃபோர்ப்ஸ் இந்தியாவைக் கண்டவரல்லர். ஆயினும் 1846-இல் அச்சான அவருடைய அறிக்கை நம் நிலத்தின் வரலாற்றில் ஒரு முதற்படியாகும். சாலக்கிராமத்தில் காணும் சக்கரச் சுருளை நீங்கள் அறிவீர்கள். அது அம்மோனைட்டு என்னும் அழிந்துபோன கடலுயிரின் சுவடே. புதுச்சேரியில் கிடைத்த அத்தகைய சுருள்களுக்கு ஃபோர்ப்ஸ் பிரம்மா, விஷ்ணு, இந்திரன், வருணன், சூரியன் என்று நம் நாட்டுத் தெய்வங்களின் பெயரைச் சூட்டினார். ஒன்றுக்குக் கேயின் பெயரை இட்டார்.

இனித்தான் வழக்கு எழுகிறது. அம்மோனைட்டுகள் வாழ்ந்த காலத்தில் 'கிரிட்டேஷஸ்' என்னும் பெரும் பகுதி ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளி, விருத்தாசலப் பாறைகளைவிடப் புதுச்சேரிப் பாறை மூத்தது, அப்பகுதியின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று ஃபோர்ப்ஸ் கருதினார். பிரான்ஸ் நாட்டில் அத்தொடக்க காலத்துப் பாறையில் கிடைத்த ஓர் அம்மோனைட்டுக்கு ஆல்சீட் தொர்பிஞி என்ற பிரெஞ்சு அறிஞர் முன்பே பெயரிட்டிருந்தார். அதுவே புதுச்சேரியிலும் இருப்பதாக ஃபோர்ப்ஸ் கொண்டார்.

தொர்பிஞி இதற்கு உடன்படவில்லை. இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை, இனத்தில் வேறானவை என்றார். புதுச்சேரிப் பாறை கிரிட்டேஷஸ் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று 1850-இல் தம் நூலில் வைத்தார். இன்றைய கணக்கில் இருவர் கருத்துக்கும் உள்ள இடைவெளி சில கோடி ஆண்டுகள்! அக்காலத்தில் ஆண்டுக் கணக்கை அறிய வழியில்லை. எது முன், எது பின் என்ற வரிசையைத்தான் அறிய முடிந்தது. அவ்வரிசையை அறிய உயிர்ச்சுவடுகளே எழுத்துகள். ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்தால் ஏடே பொருள் மாறிவிடும்.

இங்கே நான் வியப்பது வேறொன்று. பிரித்தெடுத்த அந்த அம்மோனைட்டுக்கு தொர்பிஞி இட்ட பெயர் என்ன தெரியுமா? 'ஃபோர்ப்ஸியானஸ்'! யாருடைய கருத்தை மறுத்தாரோ, அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார். கருத்தை மறுப்பது வேறு, மனிதரை இகழ்வது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? ஃபோர்ப்ஸ் 1854-இலும், தொர்பிஞி 1857-இலும் மறைந்தனர். வழக்கு தீரவில்லை.

பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அதனைத் தொடர்ந்தனர். பிளான்ஃபோர்டு பாறைகளை நேரில் அளந்து வகுத்தார். ஸ்டொலிச்கா தென்னிந்தியச் சுவடுகளை விரிவான தொகுதிகளாக எழுதி, 1874-இல் லடாக்கில் பயணத்திடையே உயிர் நீத்தார். 1895-இல் வார்த் என்பவர் புதுச்சேரிப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, எச்சுவடு எவ்வடுக்கில் கிடைத்தது என்று குறித்துவைத்தார். சுவடுகளை ஆராய்ந்த வியன்னா அறிஞர் பிரான்ஸ் கோஸ்மட், அவை பிற்பகுதியைச் சேர்ந்தவையே என்று நிலைநாட்டினார். அரை நூற்றாண்டு வழக்கில் தொர்பிஞியின் பக்கம் தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலை புரண்டது என்று இன்று அறிகிறோம். மேலடுக்குகள் சில, அம்மோனைட்டுகள் அழிந்தொழிந்த பிறகு படிந்தவை என்பதும் 20-ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. கேயின் பெயர் கல்லில் நிலைத்தது. ஃபோர்ப்ஸின் பெயரும் நிலைத்தது. அந்த நிலத்தை உழுதும் கிணறு வெட்டியும் வாழ்ந்த நம் ஊரார் ஒருவரின் பெயரையும் அப்பட்டியலில் நான் கண்டதில்லை. கல் நம்முடையது, அதைப் படித்த கண் பிறருடையது. அந்நிலை இனியும் நீடிக்க வேண்டியதில்லை. சேதராப்பட்டுப் பக்கம் செல்வீர்களானால், கல்லை உடைத்தெடுத்துப் பைக்குள் போடாதீர்கள். எந்த இடத்தில், எந்த அடுக்கில் கண்டீர்கள் என்று முதலில் குறிப்பெழுதுங்கள். பிறகு அறிந்தவர் ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். இடக்குறிப்பில்லாத சங்கு வெறும் கல். குறிப்புள்ள சங்கே சான்று.