பாலியல் செயற்குறைபாடு

பாலியல் செயற்குறைபாடு: உடலுறவில் வேட்கை, கிளர்ச்சி, உச்சம் ஆகிய நிலைகளுள் ஒன்றோ பலவோ தொடர்ந்து தடைபடுவதும், உறவு வலி தருவதும் இப்பெயரால் குறிக்கப்பெறும். ஆண்களிடம் விறைப்புக் குறைபாடு, விந்து முந்துதல், விந்து தாமதித்தல் ஆகியன காணப்படும். பெண்களிடம் கிளர்ச்சிக் குறைவு, உச்சம் எய்தாமை, புணர்ச்சி வலி, யோனித்தசை இறுக்கம் ஆகியன காணப்படும். வேட்கைக் குறைவு இருபாலார்க்கும் பொது. எப்போதோ ஒருமுறை நேர்வது குறைபாடாகாது. ஏறத்தாழ 6 மாதம் நீடிப்பதையும், உரியவருக்கு மனவருத்தம் தருவதையும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு (2013) அளவுகோலாகக் கொள்கிறது.

காரணங்கள்: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், தண்டுவடக் காயம், புராஸ்டேட் அறுவை, இயக்குநீர்க் குறைவு, மனச்சோர்வு, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள், தம்பதியரிடைப் பிணக்கு, அச்சம் முதலியன. மாதவிடாய் நின்ற பின்னும், பாலூட்டும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனி உலர்ந்து வலி உண்டாகலாம். ஆண்குறித் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. ஆதலால் விறைப்புக் குறைபாடு இதயநோய்க்கு முன்னறிகுறியாகவும் அமையலாம். பெரும்பாலோரிடம் உடலும் மனமும் கலந்தே காரணமாகின்றன.

பண்டைக் காலம்: ஹிப்பாக்ரட்டீஸ் மரபு நூலொன்று சித்தியர் என்ற நாடோடி இனத்தாரிடையே காணப்பட்ட ஆண்மையின்மைக்குக் குதிரைச் சவாரியே காரணம் என்கிறது. அம்மக்களோ அதைத் தெய்வக் குற்றமாகக் கருதினர். தெய்வம் காரணமெனில் குதிரை வைத்திருக்கும் செல்வரை மட்டும் அது ஏன் தாக்க வேண்டும் என்பது நூலாசிரியரின் வாதம். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை ஆண்மையின்மையை நான்காகவும், யோனி நோய்களை இருபதாகவும் வகுத்தது.

நீதிமன்றக் காலம்: ஐரோப்பியத் திருச்சபைச் சட்டத்தில் திருமணத்தைச் செல்லாததாக்க ஆண்மையின்மை ஒரு காரணமாயிற்று. பெண்ணுறுப்பின் குறுகலும் தடையாக ஏற்கப்பட்டது. பிரான்சில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழக்குகள் ‘புணர்ச்சிச் சோதனை’ வரை சென்றன. இம்முறை எவ்வாறு தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடந்த விதத்தைப் பற்றிய விவரங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. கணவன், மனைவி இருவரையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்வையிடுவர். மருந்தோ தைலமோ பூசி ஏமாற்றாதிருக்க மனைவியைத் தொட்டி நீரில் அமர்த்துவர். பின்னர் இருவரும் கட்டிலேற, திரை இழுத்துவிடப்படும். மருத்துவரும் மருத்துவச்சியரும் அருகிலேயே காத்திருந்து, முடிவில் கட்டிலைச் சோதித்து அறிக்கை எழுதுவர்.

இவற்றுள் பெயர்பெற்றது லாஞ்சே பிரபுவின் வழக்கு. 1653-இல் மணந்த இளம்மனைவி சில ஆண்டுகளில் வழக்குத் தொடுத்தாள். சோதனை வேண்டுமென்று கேட்டவர் பிரபுவே. முதல் முயற்சியிலேயே ஆண்மகவு உண்டாக்க இரு புதிய முட்டைகள் கொண்டுவரும்படி அவர் கட்டளையிட்டதாகச் சமகாலத்தவரான தால்மான் தெ ரேயோ குறித்துள்ளார். முட்டைகள் பயன்படவில்லை. 1659-இல் திருமணம் செல்லாதெனத் தீர்ப்பாகி, மறுமணமும் அவருக்குத் தடுக்கப்பட்டது. தடையை மீறி வேறொரு பெண்ணை மணந்த பிரபுவுக்கு 7 குழந்தைகள் பிறந்தன. 1677-இல் பாரிஸ் நீதிமன்றம் சோதனை முறையை ஒழித்தது. அந்த 7 குழந்தைகளே ஒழிப்புக்குக் காரணம் என்பாரும், கவிஞர் புவாலோவின் எட்டாம் அங்கதம் காரணம் என்பாரும் உளர். சாட்சிகளின் நடுவே விறைப்பு தவறுவது நோயாகாது என்பதை இவ்வழக்கு உணர்த்தியதாகப் பிற்கால மருத்துவர் கொள்வர்.

19-ஆம் நூற்றாண்டு: யோனித்தசை இறுக்கத்தை அமெரிக்க மருத்துவர் மேரியன் சிம்ஸ் 1861-இல் தனி நோயாக விவரித்தார். 1889-இல் 72 வயதான உடலியலார் பிரவுன்-செக்கார் விலங்குகளின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்தி, இளமை மீண்டதாக அறிவித்தார்.

20-ஆம் நூற்றாண்டு: பிராய்டு வழியினர் சிறுவயது மனச்சிக்கல்களைக் காரணமாகக் கூறினர். செயின்ட் லூயிஸ் நகரில் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 694 பேரின் பாலியல் எதிர்வினைகளை ஆய்வகத்தில் கவனித்து 1966-இல் நூல் வெளியிட்டனர். 1970-ஆம் ஆண்டு நூலில், ‘சரியாகச் செய்வோமா’ என்று தன்னையே வேவு பார்க்கும் அச்சத்தை முதன்மைக் காரணமாகக் காட்டினர். தம்பதியர் உறவைத் தற்காலிகமாகத் தவிர்த்து, தொடுதலை மட்டும் பழகும் பயிற்சியையும் வகுத்தனர். வேட்கைக் குறைவைத் தனி வகையாக்கியதில் உளமருத்துவர் ஹெலன் சிங்கர் கப்லானுக்குப் பங்குண்டு. இந்தியாவில் தாது (விந்து) நஷ்டம் பற்றிய அச்சத்தை 1960-இல் உளமருத்துவர் விக் தனி நோய்க்குறித் தொகுப்பாக விவரித்தார். தமிழ்நாட்டில் அவ்வச்சத்தை நம்பி லாட்ஜ் அறைகளில் முகாமிடும் வைத்தியர்களின் விளம்பரங்கள் பலரும் அறிந்தவை.

1983-இல் லாஸ் வேகஸில் நடந்த சிறுநீரியல் மாநாட்டில் பிரிட்டிஷ் உடலியலார் ஜைல்ஸ் பிரிண்ட்லி இரத்தநாளத் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு மேடையேறி, கால்சட்டையைத் தாழ்த்தி விளைவை அவைக்குக் காட்டினார். விறைப்பு இரத்தநாளத் தசை தளர்வதால் உண்டாகிறது என்பதற்கு அதனினும் சுருக்கமான விளக்கம் அரிது. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாபில் 1998-இல் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. நைட்ரேட் மருந்து உட்கொள்வோர்க்கு இது ஆபத்தானது.

பெண்களில் 43 விழுக்காட்டினர்க்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினர்க்கும் குறைபாடு உண்டென 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறியது. இயல்பான ஏற்ற இறக்கங்களும் நோயாக எண்ணப்பட்டன என்ற மறுப்பு இன்றும் ஓயவில்லை.

அண்மைக் காலம்: பெண்களின் வேட்கைக் குறைவுக்கு பிளிபன்செரின் (2015), பிரெமெலனோடைட் (2019) ஆகியன அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன, பயன் மிதமானதே. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன நோய்ப் பட்டியல் செயற்குறைபாடுகளை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பகுதியில் சேர்த்தது. உடற்குறை, மனக்குறை என்ற பழைய பகுப்பும் அதில் இல்லை.