சிங்காராவின் மின்சாரமும் தேயிலையின் அனலும்

மசினகுடி தேயிலை ஊர் அன்று. நீலகிரியின் மழைமறைவில், சீகூர் பீடபூமியின் முள்காடுகளுக்கு நடுவே அமைந்த ஊர். எனினும் மலையின் தேயிலை வரலாற்றில் அதற்கொரு பங்குண்டு. அதன் அருகேயுள்ள சிங்காராவில் 1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூவாயிரம் அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கிய நீர் அங்கே சக்கரங்களைச் சுழற்றியது. அந்த மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளுக்கும் மலையின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றது.

ஆனால் தேயிலைக்கு இரண்டு ஆற்றல்கள் வேண்டும். ஒன்று அசைவு, இலையை உருட்டவும் நறுக்கவும் விசிறியைச் சுழற்றவும். மற்றொன்று வெப்பம். மின்கம்பி அசைவை மட்டுமே கொண்டுவந்தது. வெப்பம் அன்றும் இன்றும் பெரும்பாலும் விறகிலிருந்தே வருகிறது. அந்த விறகின் அனலை இலைக்குக் கொண்டுசேர்க்கும் கருவியே வெப்பப் பரிமாற்றி. தொழிற்சாலையில் அதற்கு 'ஹீட்டர்' என்று பெயர்.

அதன் கதை அஸ்ஸாமில் தொடங்குகிறது. தொடக்க காலத்தில் புளிக்கவைத்த இலையைத் தட்டுகளில் பரப்பி, கரியடுப்பின் மேல் வைத்து உலர்த்தினார்கள். அடுப்பின் நெடி இலையில் ஏறும். 1864இல் கச்சார் பகுதித் தோட்டமொன்றுக்கு வந்த சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்து இளைஞர் இதற்கு மாற்றுத் தேடினார். நெருப்பு இலையைத் தொடக்கூடாது. அதனால் சூடேறிய தூய காற்று மட்டுமே தொடவேண்டும் என்பதே அவர் கண்ட வழி. ஊர் திரும்பி 1881இல் பெல்பாஸ்ட்டில் பட்டறை நிறுவினார். சகாராவிலிருந்து வீசும் வெப்பக்காற்றின் பெயரான 'சிராக்கோ' அவருடைய எந்திரத்தின் பெயராயிற்று. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலிருந்து மார்ஷல் நிறுவனமும் வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த தேயிலை எந்திரங்களை விற்றது. தேயிலை விளையும் நாடுகள் அனைத்தும் இவர்களுக்குச் சந்தையாயின.

ஹீட்டரின் அமைப்பு எளியது. அடுப்பின் புகை வார்ப்பிரும்புக் குழாய்களுக்குள் சென்று புகைபோக்கி வழியே வெளியேறும். குழாய்களின் வெளிப்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்றை விசிறி இழுத்து உலர்த்திக்குள் செலுத்தும். புகையும் காற்றும் ஒன்றையொன்று காண்பதில்லை. இடையில் ஓர் இரும்புச் சுவர் மட்டுமே. நூறு டிகிரியை ஒட்டிய அந்தக் காற்றில் இலையின் ஈரம் மூன்று விழுக்காட்டளவுக்கு இறங்குகிறது.

இந்த வணிகத்தின் சூட்சுமமும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. 1899இல் மலை ரயில் குன்னூரை எட்டும்வரை, இத்தகைய பாரத்தை மேலேற்ற மலைப்பாதை வண்டிகளே கதி. அப்படி வந்த இரும்பும் நிலையானதன்று. ஓயாத அனலில் குழாய் தேயும், விரிசல் விடும், மாற்றவேண்டியிருக்கும். ஒருமுறை ஹீட்டர் வாங்கியவர் அதன் ஆயுள் முழுதும் உதிரிபாகங்களுக்கு வாடிக்கையாளர். விரிசலைக் கவனியாது விட்டாலோ புகை காற்றில் கலந்துவிடும். டேவிட்சன் விரட்டிய பழைய நெடி திரும்ப வந்துவிடும். 1963இல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியது. சுவைப்பவரின் நாக்கு அந்த நெடியை உடனே கண்டுபிடிக்கும், விலை இறங்கும். அந்த நட்டம் தொழிற்சாலையோடு நிற்பதில்லை, இலை கொடுத்த சிறு விவசாயியின் கூலியிலும் கைவைக்கும்.

மற்றொரு நட்டம் காட்டுக்கு. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிலோ விறகு தேவைப்படுகிறது. குழாயில் கரி படிந்தால் வெப்பம் காற்றுக்குச் செல்லாமல் புகைபோக்கி வழியே வீணாகும். அதை ஈடுகட்ட மேலும் விறகு போடவேண்டும். தேயிலை பெருகுமுன்பே நீலகிரிக்கு விறகுப் பஞ்சம் வந்திருந்தது. சோலைகள் வெட்டப்பட்டதால்தான் 1843இல் இங்கு அறிமுகமான கற்பூர மரத்தைத் தோப்புதோப்பாக நட்டார்கள். சோலைகளைச் சூழ்ந்திருந்த புல்வெளிகள் பல அத்தோப்புகளால் மறைந்தன.

நீலகிரித் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் தோட்டங்களையும் துரைமார்களையும் எழுதுகிறார்கள். சிங்காராவின் அணைகளையும் குழாய்களையும் வியக்கிறார்கள். உலர்த்தும் அறையின் மூலையில் கரி படிந்து நிற்கும் ஹீட்டரை எழுதியவர் குறைவு. இலையின் விலையும் தோப்பின் பரப்பும் அதன் குழாய்களைத் துடைக்கும் கைகளில் இருப்பதால், அதற்கும் ஓர் அத்தியாயம் கொடுக்கவேண்டும்.