மனைவி மக்களுக்கு ஒரு டிரஸ்ட்: 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை



டிரஸ்ட் என்றால் நமக்குக் கோயிலோ கல்லூரியோதான் நினைவுக்கு வரும். ஒருவர் பொறுப்பில் பொருள் இருக்கும், பலன் வேறொருவருக்குப் போகும். டிரஸ்ட் என்பது அவ்வளவுதான். மாதச் சம்பளக்காரரும் தன் குடும்பத்துக்கு அப்படி ஒன்று ஏற்படுத்தலாம். அதற்கு 150 ஆண்டு வரலாறு உண்டு.

பழைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் கைப்பொருளும் சம்பாத்தியமும் கணவனுக்கே சொந்தம். 1870-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இதை மாற்றத் தொடங்கியது. 1874-ல் இந்தியாவிலும் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது. அதன் 6-வது பிரிவு முக்கியமானது. மணமான ஒருவர் தன் பேரில் ஆயுள் காப்பீடு எடுத்து, பலன் மனைவிக்கு அல்லது மனைவி மக்களுக்கு என்று பாலிசியிலேயே எழுதிவிட்டால், அது அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும். அந்தப் பணத்தில் கணவருக்கு அதிகாரம் இல்லை. அவருடைய கடன்காரர்களும் கைவைக்க முடியாது.

ஆனால் அதே சட்டத்தின் 2-வது பிரிவு இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்களை விலக்கி வைத்தது. அப்படியானால் நாட்டில் மிச்சம் எத்தனை பேர்? 1913-14 வாக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, இந்து எடுத்த பாலிசிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்றது. மற்ற மாகாணங்களுக்கும் சேர்த்து 1923-ல் சட்டமே திருத்தப்பட்டது. இந்து, முஸ்லிம், சீக்கியர், சமணர் எடுக்கும் பாலிசிகளுக்கு, பிற இடங்களில் 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு என்றும், சென்னையில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு என்றும் அதில் எழுதினார்கள். நம் மாகாணத்துப் பெண்களுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்த உரிமை அது.

அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துக்க வீட்டில் பதினாறாம் நாள் முடியுமுன்பே கடன்பத்திரத்தோடு வந்து நிற்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொழில் செய்கிறவர்கள், பிறர் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

சில விவரங்கள். பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் நாமினி பெயர் போடுவது வேறு, இது வேறு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்தப் பிரிவில் எழுத முடியாது. எழுதியபின் மனம் மாறி உங்கள் செலவுக்கு அதை எடுக்கவும் முடியாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபணமானால், அந்தப் பாலிசிப் பணத்திலிருந்து தங்கள் கடனை அவர்கள் கோரலாம்.

மகள், மருமகள் இருக்கும் வீடுகளில் இதை ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஏற்கெனவே பாலிசி இருந்தால் எடுத்துப் பாருங்கள், யாருக்கு என்று எப்படி எழுதியிருக்கிறது என்று. சந்தேகம் இருந்தால் நல்ல வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நலமே விளைக.