பொதியமலை உச்சியில் ஒரு காந்த ஊசி

பொதியில் என்றதும் தமிழ்க் கவிஞர் நெஞ்சில் தென்றலும் அகத்தியரும் தோன்றுவது இயல்பு. அந்த அகத்தியமலையின் உச்சியில், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், 1855ஆம் ஆண்டில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் எழுந்த செய்தியை நம்முள் அறிந்தோர் சிலரே. எழுப்பியவர் ஜான் ஆலன் புரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1852 முதல் 1865 வரை திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தை நடத்தியவர். காட்டு வழியே கருவிகளைச் சுமந்து ஏறியவர்களும், மழையிலும் குளிரிலும் விழித்திருந்து ஊசியின் அசைவைக் குறித்து வைத்தவர்களும் இம்மண்ணின் மக்களே. அறிவியல் வரலாற்று நூல்கள் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தடையின்றித் தொங்கும் காந்த ஊசி ஒருபோதும் அசையாது நிற்பதில்லை. நாள்தோறும் இம்மியளவு விலகும், மீண்டும் திரும்பும். அந்தச் சிற்றசைவுகளில் புரௌன் இருவேறு தடங்களைக் கண்டார். பூமியின் காந்த விசை ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைச் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு இணைத்தார். இது ஒன்று. நிலவின் போக்கிற்கேற்பவும் ஊசி அசைந்தது. அவ்வசைவோ இரவினும் பகலில் மிகுந்திருந்தது. இது மற்றொன்று. நிலவு தன் வேலையைச் செய்யப் பகலவனின் துணை எதற்கு? என் மதிப்பீட்டில், அம்மலை எழுப்பிய வினாக்களுள் தலையாயது இதுவே.

1882இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் விடைக்கு வழிகாட்டினார். மேல்வளி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அது பூமியின் காந்தப் புலத்தினூடே அசையும்போது, டைனமோவில் நிகழ்வதுபோல் மின்னோட்டம் பிறக்கிறது என்றார். வெயில் காற்றை மின்கடத்தியாக்குகிறது. நிலவோ கடலில் எழுப்புவது போன்ற ஓதத்தைக் காற்றிலும் எழுப்பி மேலே அனுப்புகிறது. ஆக, மேலிருந்து வருவதும் கீழிருந்து எழுவதும் கூடியே ஊசியை அசைத்தன. 1924இல் ஆப்பிள்டன் வானொலி அலைகளின் எதிரொலியைக் கொண்டு அம்மின்படலம் உண்டென நிலைநாட்டினார். இன்று அதனை அயனி மண்டலம் என்கிறோம்.

ஆயினும் நெடுங்காலம் சூரியனே பெரிதாகப் பேசப்பட்டது. 1859ஆம் ஆண்டுக் காந்தப் புயல் தந்திக் கம்பிகளையே நிலைகுலையச் செய்தது. அத்தகைய ஆற்றலுக்கு முன் நிலத்தினின்று எழும் மெல்லலை யார் கண்ணில் படும்? 1960இல் கனடாவில் ஹைன்ஸ் அதன் வலிமையை விளக்கினார். உயரச் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. அலை சுமந்து செல்லும் ஆற்றல் வழியில் சிதையாதவரை, அசைக்க வேண்டிய காற்றின் அளவு குறைவதால், அலையின் வீச்சு பெருகுகிறது. கீழே உணர இயலாத நடுக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேலே பேரலையாகி விடுகிறது.

தென்கோடி இந்தியா இதனை ஆராயத் தக்க இடம். காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்துச் செல்கிறது. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்ததற்கு அவ்விடத்தின் அமைவே காரணம்.

2009 ஜனவரியில் சூரியன் மிகவும் அடங்கியிருந்தது. அப்போது வடதுருவத்தின் மேலே அடுக்கு மண்டலம் திடீரெனச் சூடேற, தொலைவிலுள்ள நடுக்கோட்டு அயனி மண்டலம் குலைந்தது. அக்குலைவில் நிலவின் ஓதம் வலுத்திருந்தது. புரௌன் கண்ட அதே நிலவின் தடம்!

2022 ஜனவரி 15 அன்று டோங்கா எரிமலை கடலடியில் வெடித்தது. அதன் புகைத்தூண் 57 கி.மீ. உயர்ந்தது, அதிர்வு அதற்கும் மேலே சென்றது. நடுக்கோட்டு மின்னாறு தன் வழக்கமான உச்சத்தைப்போல் ஐந்து மடங்கு வலுத்தது. பின் சற்று நேரம் திசை மாறி மேற்கு நோக்கி ஓடியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன.

மூன்று வாரம் கழியுமுன் சூரியன் தன் பங்கைக் காட்டியது. பிப்ரவரி 3 அன்று 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் செலுத்தப்பட்டன. மிதமான காந்தப் புயல்தான். எனினும் மேல்வளி வெப்பமுற்று விரிந்தது, 210 கி.மீ. உயரத்தில் காற்றின் தடை கூடியது. அவற்றுள் 38 மேலேற மாட்டாமல் வளிமண்டலத்துள் வீழ்ந்து எரிந்தன.